அநாதி தேவன்னா அனாதை தேவனா?

எங்க சர்ச் சண்டே ஸ்கூல்ல மூணாம் கிளாஸ் பசங்களுக்கு ஒருதடவ பைபிள்ல இருக்குற சங்கீதம் 90:2 மனப்பாட வசனமா வந்துச்சு. "பர்வதங்கள் தோன்றுமுன்னும், நீர் பூமியையும் உலகத்தையும் உருவாக்குமுன்னும், நீரே அநாதியாய் என்றென்றைக்கும் தேவனாயிருக்கிறீர்." எல்லாரும் மூச்சு விடாம கடகடன்னு ஒப்பிச்சிட்டாங்க, ஒருத்தன் மட்டும் கைய தூக்கி, "அக்கா, ஆண்டவருக்கு அம்மா அப்பா இல்லையா, அதான் அனாதைன்னு போட்டிருக்கா"ன்னு கேட்டான். கிளாஸே சிரிச்சுது, நானும் சிரிச்சிட்டேன். வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவும்போதுதான் உறைச்சது, அவன் பாதி சரியாத்தான் சொல்லியிருக்கான். ஆண்டவருக்கு அம்மா அப்பா இல்ல, அவருக்கு முன்னாடி யாருமே இல்ல, அதத்தானே அந்த வசனமும் சொல்லுது.

ரெண்டு வார்த்தையும் சத்தத்துல ஒண்ணு போல இருந்தாலும் வேர் வேற. அனாதைன்னா நாதன் இல்லாதவன், கேக்க ஆள் இல்லாதவன். அநாதின்னா ஆதி இல்லாதது, ஆரம்பமே இல்லாதது. நாம ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை நித்தியம், அநாதி, சதாகாலம்னு வாயால சொல்லிட்டு வந்துடுறோம், உக்காந்து யோசிச்சா தலை சுத்தும். எனக்கு சுத்துச்சு, அதனால எனக்குப் புரிஞ்ச வரைக்கும் எழுதுறேன், தியாலஜி காலேஜ் படிச்சவங்க பொறுத்துக்கணும்.

முதல்ல எளிசான பாதி. கடவுளுக்கு ஆரம்பமும் இல்ல முடிவும் இல்ல. முடிவு இல்லைங்கறது நமக்கு ஓரளவு மனசுல நிக்கும், ஏன்னா தேவதூதர்களுக்கும் மனுஷ ஆத்துமாவுக்கும் முடிவு இல்லைன்னு சபை சொல்லிக் கேட்டிருக்கோம். ஆனா அவங்க எல்லாருக்கும் ஒரு ஆரம்பம் உண்டு, ஒரு பக்கம் சுவரு வச்சு மறுபக்கம் திறந்து கிடக்குற ரோடு மாதிரி. கடவுளுக்கு ரெண்டு பக்கமும் சுவரு கிடையாது. இதுல நம்ம ஊர் ஆளுங்க ஒண்ணு கவனிக்கணும். அநாதிங்கற வார்த்தை சைவ சித்தாந்தத்துலயும் ரொம்ப முக்கியமான வார்த்தை, அங்க பதி, பசு, பாசம் மூணுமே அநாதி, அதாவது கடவுள் மட்டுமில்ல, உயிரும் அதக் கட்டி வச்சிருக்குற பாசமும்கூட ஆரம்பம் இல்லாதவை. கிறிஸ்தவத்துல அப்படி இல்ல. இங்க அநாதி ஒருத்தர் மட்டும்தான், உயிர், உலகம், நட்சத்திரம், தேவதூதர் எல்லாமே ஒருகாலத்துல இல்லாம இருந்து அப்புறம் அவரால வந்தது. ஒரே வார்த்தைய ரெண்டு பேரும் சொல்றாங்க, கணக்கு வேற. இது தெரியாம பேசப் போய்த்தான் பல பேர் விவாதத்துல குறுக்க மறுக்க மாட்டிக்கிறாங்க.

அடுத்து, அநாதின்னா ரொம்ப ரொம்ப வயசானவர்னு நினைக்கிறது. அப்படி நினைக்கிறதுல நம்ம தப்பு மட்டும் இல்ல, தானியேல் 7ஆம் அதிகாரத்துல "நீண்ட ஆயுசுள்ளவர்"னு ஒருத்தர் சிங்காசனத்துல உக்காந்திருக்கார், தலைமுடி பஞ்சு மாதிரி வெள்ளையா இருக்குன்னு வருது, ஓவியர்களும் அதப் பாத்து வெள்ளைத்தாடி தாத்தாவா வரைஞ்சு தள்ளிட்டாங்க. ஆனா அது தரிசனம், படமா காட்டுறது. வயசாகுறதுன்னா என்ன, தேயுறதுதானே. சங்கீதம் 102 இத அழகா சொல்லும், வானமும் பூமியும் துணி மாதிரி பழசாப் போகும், சால்வைய மாத்துற மாதிரி நீர் அவைகள மாத்துவீர், "நீரோ மாறாதவராயிருக்கிறீர், உமது ஆண்டுகள் முடிந்துபோவதில்லை". வானம்கூட அவருக்கு முன்னால நைஞ்சு போன துணிதான். அதனால அவருக்கு வயசு ஜாஸ்தின்னு சொல்றது சரியா வராது, அவருக்கு வயசுங்கற கணக்கே இல்ல.

சரி, அப்போ அவர யாரு படைச்சா? இது எல்லா சண்டே ஸ்கூல்லயும் வரும், காலேஜ் ஹாஸ்டல்லயும் வரும், பெர்ட்ரண்ட் ரஸ்ஸல்ங்கற பிரிட்டிஷ் தத்துவ அறிஞர் 1927ல லண்டன்ல குடுத்த ஒரு சொற்பொழிவுல இதத்தான் கேட்டார், எல்லாத்துக்கும் ஒரு காரணம் வேணும்னா கடவுளுக்கும் வேணுமேன்னு. பதில் என்னன்னா, எல்லாத்துக்கும் காரணம் வேணும்னு சபையோட பெரிய போதகர்கள் சொல்லல. ஆரம்பம் உள்ளதுக்கு, இன்னொண்ண நம்பி இருக்கிறதுக்குத்தான் காரணம் வேணும்னு சொன்னாங்க. நான் பசங்களுக்கு இப்படிச் சொல்லுவேன்: விருந்தாளி வந்துட்டாங்க, வீட்டுல சர்க்கரை இல்ல, பக்கத்து வீட்டுல ஒரு டம்ளர் வாங்குறோம். அவங்க, நாங்களே அடுத்த வீட்டுல வாங்கினதுதான்னு சொல்றாங்க. அடுத்த வீட்டுல கேட்டா அவங்களும் அதே கதை. தெரு முழுக்க இப்படியே கடன் வாங்கினதாவே இருந்தா காப்பியில சர்க்கரை எப்படி வந்திருக்கும்? எங்கயோ ஒரு வீட்டுல சொந்தமா சர்க்கரை இருந்தாத்தான் இந்தத் தெருவுல அது சுத்தும். நாம எல்லாரும் இருக்குறது கடன் வாங்கின இருப்பு. அவருக்கு இருப்பு சொந்தம். சொந்தமா வச்சிருக்கிறவர்கிட்ட போய் "நீங்க யார்கிட்ட கடன் வாங்கினீங்க"ன்னு கேட்டா கேள்வி அவர்மேல ஒட்டாது. இதக் காட்டி ஒருத்தர நம்ப வைக்க முடியுமான்னா, முடியாது, நான் முயற்சி பண்ணி தோத்திருக்கேன். ஆனா கேள்வி எங்க வழுக்குதுன்னாவது புரியும்.

இதே விஷயம் பைபிள்ல கடவுளோட பேராவே வருது. யாத்திராகமம் 3ல முட்செடி எரிஞ்சும் கருகாம இருக்கு, மோசே செருப்பக் கழட்டிட்டு நிக்கிறார், உங்க பேரு என்னன்னு ஜனங்க கேட்டா நான் என்ன சொல்றதுன்னு கேக்குறார். வந்த பதில் "இருக்கிறவராக இருக்கிறேன்". எகிப்துல எத்தனையோ தெய்வங்களுக்கு அழகழகா பேரு இருந்துச்சு, இங்க பேரு கேட்டா ஒரு வினைச்சொல்லு வருது, இரு. எபிரேயத்துல அந்த வாக்கியத்த "இருப்பேன்"னும் படிக்கலாம், அதனால உன்கூட இருப்பேன்ங்கற வாக்குத்தான் அதுல முக்கியம்னு சொல்ற அறிஞர்களும் உண்டு, எனக்கும் அது பிடிக்கும், ஏன்னா அதுக்கு ரெண்டு வசனம் முன்னாடிதான் "நான் உன்னோடே இருப்பேன்"னு மோசேகிட்ட சொல்லியிருக்கார். பழைய கிரேக்க மொழிபெயர்ப்புல இது "இருக்கிறவர்"னு ஆச்சு. ஆர்த்தடாக்ஸ் சபைகளோட படங்கள்ல இயேசு தலைக்குப் பின்னாடி இருக்குற ஒளிவட்டத்துல மூணு கிரேக்க எழுத்து இருக்கும் பாருங்க, அது இந்த வார்த்தைதான்.

இதுவரைக்கும் ஈசி. இனிமேத்தான் கஷ்டம்.

கடவுள் உலகத்தப் படைக்கிறதுக்கு முன்னாடி என்ன பண்ணிட்டிருந்தார்? இதுக்கு 1600 வருஷத்துக்கு முன்னாடியே ஒரு ஜோக் ஓடிட்டு இருந்திருக்கு, இப்படி துருவித் துருவி கேக்குறவங்களுக்காக நரகத்த ரெடி பண்ணிட்டிருந்தார்னு. இத எழுதி வச்சவர் அகஸ்டின், இன்னைக்கு அல்ஜீரியாவா இருக்குற பகுதியில பிஷப்பா இருந்தவர், 430ல இறந்தார். தன்னோட ஒப்புதல்கள் புஸ்தகத்துல 11வது பாகத்துல இந்த ஜோக்கச் சொல்லிட்டு, நான் அப்படி பதில் சொல்ல மாட்டேன், கேள்வி ஆழமானது, தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லிட்டுப் போறேன்கிறார். எனக்கு அவர பிடிச்சதே அந்த இடத்துலதான். அப்புறம் அவர் சொல்ற பதில், "முன்னாடி"ங்கற வார்த்தையிலேயே காலம் உள்ள உக்காந்திருக்கு, காலமும் படைக்கப்பட்டதுதான், காலம் இல்லாதப்போ "அப்போ"ன்னு ஒண்ணு ஏது? உலகம் காலத்துக்குள்ள படைக்கப்படல, காலத்தோட சேர்ந்தே படைக்கப்பட்டுச்சு. "ஆதியிலே தேவன்"ங்கற ஆதியாகமம் முதல் வசனத்துல அந்த ஆதியே அவர் போட்டதுதான்.

இங்க சில பேர் உடனே பிக் பேங்க, அதாவது பிரபஞ்சத்தோட தொடக்கமா சொல்ற பெருவெடிப்புக் கொள்கைய, கொண்டு வருவாங்க, பாத்தீங்களா 1380 கோடி வருஷத்துக்கு முன்னாடி காலமே தொடங்குச்சுன்னு சயின்ஸும் சொல்லுதுன்னு. கொஞ்சம் நிதானம். அந்தக் கொள்கைக்கு அடிப்படை போட்டவங்கள்ல ஒருத்தர் ஜார்ஜ் லெமெய்த்ர், பெல்ஜியம் நாட்டு கத்தோலிக்க குரு. 1951ல போப் பன்னிரண்டாம் பயஸ் இந்தக் கண்டுபிடிப்ப படைப்புக்கு ஆதரவா வச்சுப் பேசினப்போ அது லெமெய்த்ருக்கே பிடிக்கல, ரெண்டையும் இப்படி முடிச்சுப் போடாதீங்கன்னுதான் அவர் நிலை. இன்னைக்கு இருக்குற சயின்ஸ்மேல கடவுளக் கட்டினா நாளைக்கு சயின்ஸ் மாறும்போது கூடவே அவரையும் கழட்ட வேண்டி வரும்.

காலத்துக்கு வெளியன்னா என்ன? அகஸ்டினுக்கு அப்புறம் இதுக்கு எல்லாரும் எடுத்துக் காட்டுற வரையறை ஒரு ஜெயில்ல எழுதினது. போயத்தியஸ்னு ஒருத்தர், ராஜா தியோடெரிக்கோட அரசாங்கத்துல பெரிய பதவியில இருந்தவர், ராஜதுரோகம்னு குற்றம் சாட்டி உள்ள போட்டுட்டாங்க, 524 வாக்குல கொன்னும் போட்டாங்க. சாவுக்குக் காத்திருந்த நேரத்துல அவர் எழுதினதோட சாரம் இது: எல்லையில்லாத வாழ்வ முழுசா, ஒரே சமயத்துல, குறையில்லாம கையில வச்சிருக்கிறதுதான் நித்தியம். இந்த "ஒரே சமயத்துல"ங்கறதுதான் விஷயமே. நம்ம கையில என்ன இருக்கு சொல்லுங்க, சின்ன வயசு போச்சு, வயசான காலம் இன்னும் வரல, இந்த ஒரு நிமிஷம்தான் நம்மது, அதுவும் இத படிச்சு முடிக்கிறதுக்குள்ள போயிடும். கடவுளுக்கு எதுவும் போனதும் இல்ல, வராம பாக்கியும் இல்ல.

நான் இதுக்கு சிவகாசி காலண்டரச் சொல்லுவேன். நம்ம வீட்டுல தினசரி காலண்டர்ல ஒரு நாளைக்கு ஒரு தாள்தான் கிழிக்கிறோம், நேத்து தாள் குப்பையில, நாளைக்குத் தாள் அடியில. ஆனா அச்சடிச்சவர் முன்னாடி ஜனவரி 1ம் டிசம்பர் 31ம் ஒண்ணாவே கட்டா இருந்துச்சு. அவர் எந்தத் தாள்லயும் இல்ல, எல்லாத் தாளும் அவர் கை பட்டதுதான். உதாரணம் ஒரு கட்டத்துல உடையும், தெரியும், அந்த அச்சாபீஸ்காரருக்கும் வீட்டுல ஒரு காலண்டர் தொங்கும், அவரும் தினம் கிழிச்சுத்தான் ஆகணும். கடவுளுக்கு அது இல்ல.

இதுல இருந்து வர்ற அடுத்த பிரச்சனை எல்லாருக்கும் தெரிஞ்சது. நாளைக்கு நான் என்ன பண்ணுவேன்னு அவருக்குத் தெரியும்னா, அப்புறம் நான் சுதந்திரமா பண்றேன்னு எப்படிச் சொல்றது, எழுதி வச்சபடிதானே நடக்குது? போயத்தியஸ் சொன்ன பதில், அவர் முன்கூட்டியே பாக்கல, பாக்குறார் அவ்ளோதான். மொட்டைமாடியில நிக்கிற பக்கத்து வீட்டு அத்தை நான் தெருவுல வழுக்கி விழறதப் பாத்தா, அவங்க பாத்ததாலயா நான் விழுந்தேன்? நமக்கு நாளைக்கா இருக்கிறது அவருக்கு முன்னால இப்பவே நடக்குது. பின்னாடி வந்த தாமஸ் அக்வினாஸ்ங்கற இறையியல் அறிஞர் இதையே, ரோட்டுல போறவனுக்கு பின்னாடி வர்றவன் தெரியாது, மேல உயரத்துல நின்னு பாக்குறவனுக்கு ரோட்டுல போற எல்லாருமே தெரியும்னு சொன்னார். ஜெபத்துக்கும் இதே பதில்தான் சொல்லுவாங்க, நான் இன்னைக்கு ராத்திரி பண்ணப்போற ஜெபம் அவருக்கு லேட்டா போய்ச் சேர்றது இல்ல.

எல்லாரும் இதுக்கு ஒத்துக்கிட்டாங்களான்னா, இல்ல. நிக்கலஸ் வோல்ட்டர்ஸ்டார்ஃப்னு ஒரு கிறிஸ்தவத் தத்துவ அறிஞர் 1975ல எழுதின கட்டுரையில, பைபிள்ல வர்ற கடவுள் பேசுறார், காத்திருக்கார், கேட்டுட்டு பதில் செய்யுறார், ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா செய்யுறார், அவரப் போய் காலமே இல்லாதவர்னு சொன்னா அது கிரேக்கத் தத்துவம் பேசுறது, பைபிள் பேசலன்னார். அவர் கணக்குப்படி கடவுள் காலத்துக்குள்ளயே முன்னும் பின்னும் முடிவில்லாம இருக்கிறவர். வில்லியம் லேன் கிரெய்க்னு இன்னொரு கிறிஸ்தவத் தத்துவ அறிஞர் நடுவுல ஒரு வழி சொல்றார், படைப்பு இல்லாம அவர் காலம் இல்லாதவர், படைச்சதுல இருந்து காலத்துக்குள்ள இருக்கார்னு. நான் அகஸ்டின் பக்கம்தான் சாய்வேன், ஆனா ஆதியாகமம் 6:6ல மனுஷன உண்டாக்கினதுக்காக "கர்த்தர் மனஸ்தாபப்பட்டார், அது அவர் இருதயத்துக்கு விசனமாயிருந்தது"ன்னு படிக்கும்போதெல்லாம் என் சாய்வு கொஞ்சம் ஆடும். மல்கியா 3:6ல "நான் கர்த்தர் நான் மாறாதவர்"னும் அதே பைபிள்லதான் இருக்கு. அவரோட குணம் மாறாது, ஆனா அவர் கல்லு இல்ல, அவ்ளோதான் என்னால சொல்ல முடியும்.

நம்ம ஆளுங்க நித்தியத்த கால்குலேட்டர்ல போடுறதப் பத்தியும் சொல்லிடணும். 2 பேதுரு 3:8ல "கர்த்தருக்கு ஒருநாள் ஆயிரம் வருஷம்போலவும், ஆயிரம் வருஷம் ஒருநாள் போலவும் இருக்கிற"துன்னு வருது. உடனே ஒரு நாள் சமம் ஆயிரம் வருஷம்னு ஃபார்முலா போட்டு உலக முடிவு எந்த வருஷம்னு வாட்ஸ்அப்ல அனுப்ப ஆரம்பிச்சிடுவாங்க. வசனத்த முழுசா படிங்க, அது ரெண்டு பக்கமும் போகுது, ஒரு நாள் ஆயிரம் வருஷம் மாதிரியும் இருக்கு, திருப்பியும் இருக்கு, "போல"ன்னு வேற இருக்கு. இதோட மூலமான சங்கீதம் 90:4ல ஆயிரம் வருஷம் கழிஞ்சுபோன நேத்தைய நாள் மாதிரியும், ஒரு "இராச்சாமம்போலவும்" இருக்குன்னு வருது. பழைய ஏற்பாட்டுக் காலத்துல ராத்திரிய மூணு சாமமா பிரிச்சாங்க, அப்போ ஒரு சாமம் சுமார் 4 மணி நேரம். ஒரு நாளும் ஆயிரம் வருஷம், 4 மணி நேரமும் ஆயிரம் வருஷம்னா எந்த ஃபார்முலா நிக்கும்? பேதுரு அடுத்த வசனத்துலயே எதுக்குச் சொன்னேன்னு சொல்லிடுறார், இயேசுவோட ரெண்டாம் வருகை தாமதமாகுதுன்னு நினைக்காதீங்க, அது அவரோட நீடிய பொறுமைன்னு.

அதே மாதிரி "என்றைக்கும்"னு பைபிள்ல எங்க வந்தாலும் அது நித்தியம் இல்ல. எபிரேயத்துல ஓலாம்னு ஒரு வார்த்தை, கண்ணுக்கு எட்டாத தூரம்ங்கற மாதிரி அர்த்தம். யாத்திராகமம் 21:6ல எஜமான விட்டுப் போக மாட்டேன்னு சொல்ற அடிமை காதுல கம்பியால குத்தி, அவன் என்றைக்கும் சேவிக்கணும்னு சொல்லியிருக்கு, அங்க அது சாகுற வரைக்கும்தான். யாரப் பத்திப் பேசுறாங்கன்னு பாத்துத்தான் அந்த வார்த்தையோட நீளம் தெரியும். ஆபிரகாம் பெயெர்செபாவுல "சதாகாலமுமுள்ள தேவனாகிய கர்த்தருடைய" நாமத்தத் தொழுதுகிட்டார்னு ஆதியாகமம் 21:33ல வர்றதும் இதே ஓலாம்தான், அங்க அதுக்கு எல்லை கிடையாது.

சங்கீதம் 90 எங்க ஊர்ப்பக்கம் அதிகமா கேக்குறது சாவு வீட்டுலதான். எங்க ஆச்சி இறந்தப்போ வீட்டுல பெட்டி பக்கத்துல நின்னு ஐயர் அதத்தான் வாசிச்சார் (பாஸ்டர நாங்க ஐயர்னுதான் கூப்பிடுவோம்). ஆயுசு நாள் எழுபது வருஷம், பெலம் இருந்தா எண்பதுன்னு வர்ற இடத்துல பெரியப்பா மெதுவா, "அம்மாவுக்கு எண்பத்தொண்ணு"ன்னார். அந்த சங்கீதத்துக்கு மேல மோசேயின் விண்ணப்பம்னு தலைப்பு இருக்கு, வனாந்தரத்துல 40 வருஷம் நடந்து ஒரு தலைமுறையவே புதைச்சுட்டு வந்தவர் பேர்ல இருக்குற ஜெபம். அத மனசுல வச்சுப் படிச்சா நீரே அநாதியாய்ங்கறது பாடப்புத்தக வரையறை மாதிரி கேக்காது.

இப்போ நம்ம மூணாம் கிளாஸ்காரன். டிசம்பர்ல வந்து அடுத்த குண்ட போட்டான், "அக்கா, ஆண்டவருக்கு ஆரம்பமே இல்லைன்னீங்க, அப்போ கிறிஸ்துமஸ் யாரோட பர்த்டே?" டேய், இதே கேள்விக்காக ஒரு சாம்ராஜ்யமே ரெண்டுபட்டுச்சுடான்னு சொல்லத் தோணுச்சு. அலெக்சாண்ட்ரியாவுல ஆரியஸ்னு ஒரு குருவானவர், அப்பான்னா மகனுக்கு மூத்தவர்தானே, அப்போ குமாரன், அதாவது இயேசு, "இல்லாம இருந்ததுண்டு", அவர் படைப்புகள்ல முதல் படைப்புன்னார். கேக்க நியாயமாத்தான் இருக்கும், இன்னைக்கும் யெகோவா சாட்சிகள் கிட்டத்தட்ட அந்தப் பக்கம்தான். 325ல கான்ஸ்டன்டைன் பேரரசர் நிக்கேயாவுல பிஷப்மார்கள கூட்டினார், இப்போ துருக்கியில இஸ்னிக்னு இருக்குற ஊர், 2025ல அதுக்கு 1700 வருஷம் ஆச்சு. அங்க எடுத்த முடிவு, குமாரன் பிறந்தவர், படைக்கப்பட்டவர் இல்ல. இந்தப் பிறப்பு ஒரு தேதியில நடந்தது இல்ல, என்னைக்கும் அப்படியே இருக்கிற உறவு. ஆரியஸ எதிர்த்து நின்ன அத்தனாசியுஸ் மாதிரி ஆளுங்க சொன்ன உதாரணம் வெளிச்சம், சூரியன் முதல்ல வந்து நாலு நாள் கழிச்சா அதுக்கு ஒளி வந்துச்சு? ஒளி சூரியன்ல இருந்து வருது, ஆனா சூரியனுக்குப் பிந்தினது இல்ல. யோவான் 8:58லயும் இயேசு "ஆபிரகாம் உண்டாகிறதற்கு முன்னமே நான் இருக்கிறேன்"ங்கிறார், இருந்தேன்னு சொல்லல. அந்த இருக்கிறேன்ல முட்செடி வாசனை அடிச்சதாலதான் கேட்டவங்க கல்லத் தூக்கினாங்க.

அப்படிப்பட்டவர் ஒரு தேதிக்குள்ள வந்தார்ங்கறதுதான் கிறிஸ்துமஸ். சர்ச்சுல எல்லாரும் சேர்ந்து சொல்ற விசுவாசப் பிரமாணத்துல "பொந்தியு பிலாத்துவின் காலத்தில் பாடுபட்டு"ன்னு சொல்றோமே, அந்த "காலத்தில்"ங்கறத எத்தனை வாரம் கவனிக்காம தாண்டியிருப்போம். பிலாத்து 26ல இருந்து 36 வரைக்கும் யூதேயாவுல இருந்த ஒரு ரோம ஆபீசர், நித்தியமானவரோட கதையில அவர் பேரு எதுக்கு? எந்தத் தாள்லயும் இல்லாத காலண்டர்காரர் ஒரு தாளுக்குள்ள இறங்கினார்னு சொல்றதுக்குத்தான்.

இதெல்லாம் அவன்கிட்ட சொல்லல. மனுஷனா அவருக்கு ஒரு பர்த்டே உண்டு, கடவுளா அவருக்கு பர்த்டே இல்லைன்னு மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சான். "அப்போ அவருக்கு அம்மாவும் உண்டு"ன்னான். உண்டு, மரியாள்னேன். "அப்போ அனாதை இல்ல"ன்னு சொல்லிட்டு கேக் குடுக்குற பக்கம் ஓடிட்டான்.